ஒரே கடற்பரப்பில் காற்றாலை, மட்டி, பாசி, சூரிய மின்சாரம்: சேர்த்து நடத்த என்ன வேண்டும்?

கடலில் காற்றாலைப் பண்ணை நிற்கும் பரப்பிலேயே மட்டி வளர்ப்பு, கடற்பாசி, மிதக்கும் சூரிய மின்சாரம், மீன்பிடிப்பு ஆகியவற்றையும் சேர்த்து நடத்த முடியுமா, எங்கே தொடங்குவது, எது காலை வாரும் என்பது கேள்வி.

முடியும். ஆனால் காற்றாலைத் தூணிலேயே மட்டிக் கயிற்றைக் கட்டிவிடலாம், ஒரே படகில் இரண்டு வேலையையும் பார்த்துவிடலாம் என்ற கணக்கோடு இறங்கினால் நடக்காது. இடத்தைப் பகிரலாம், கரைக்குப் போகும் மின்கேபிள், அளவீட்டுத் தரவு, கண்காணிப்பு இவற்றையும் பகிரலாம். தூணையும் நங்கூரத்தையும் பகிர்வதில் லாபம் குறைவு, வம்பு அதிகம். இன்னொன்று, எதைச் சேர்க்கப் போகிறோம் என்பது காற்றாலைகளின் இட அமைப்பு வரையப்படுவதற்கு முன்பே முடிவாக வேண்டும். கட்டி முடித்த பண்ணைக்குள் பிறகு நுழையப் பார்ப்பதில்தான் பணமும் ஆண்டுகளும் அதிகம் வீணாகின்றன.

ஊடுபயிர் மாதிரி என்று இதைச் சிலர் விளக்குவார்கள். ஊடுபயிரில் நிலம், தண்ணீர், ஆள் மூன்றும் ஒரே விவசாயியின் கையில் இருக்கும். இங்கே 30 ஆண்டு உரிமம் வைத்திருக்கும் மின் நிறுவனம் ஒரு பக்கம், 5 அல்லது 10 ஆண்டு அனுமதியோடு வரும் வளர்ப்பாளர் மறுபக்கம். பல நூறு கோடி சொத்துக்காரருக்குச் சில கோடி சொத்துக்காரரால் வரக்கூடிய ஆபத்தை எப்படி அடக்குவது என்பதுதான் பேச்சுவார்த்தை முழுக்க ஓடும் விஷயம்.

காலி இடம் உண்மையில் எவ்வளவு

பெரிய காற்றாலைகளைச் சுழல்வட்ட விட்டத்தின் 6 முதல் 10 மடங்கு இடைவெளியில் நிறுத்துவார்கள். நெருக்கினால் முன்னால் நிற்பது கலக்கிவிட்ட காற்று பின்னால் நிற்பதன் உற்பத்தியைக் குறைக்கும். விட்டம் 220 மீட்டர், இடைவெளி 7 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தூண்களுக்கு நடுவே 1,540 மீட்டர். நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட சதுரம் 237 ஹெக்டேர். வரைபடத்தில் பார்த்தால் அத்தனையும் காலிதான்.

இப்போது கழிக்கத் தொடங்குங்கள். ஒரு வரிசைத் தூண்களை இணைத்தபடி 66 கிலோவோல்ட் கேபிள் தரைக்கடியில் ஓடும். அது பழுதானால் அறுத்து, முனைகளைக் கப்பலின் மேல்தளத்துக்கு ஏற்றி, கூடுதல் துண்டு சேர்த்து, மீண்டும் கீழே இறக்க வேண்டும். கூடுதல் நீளத்தை நேர்கோட்டில் போட முடியாது; பக்கவாட்டில் வளைத்துத்தான் படுக்க வைப்பார்கள். ஆகவே கேபிளின் இருபுறமும் 250 மீட்டரையாவது விட்டுவையுங்கள். அடுத்தது தூணை நெருங்கும் வழி. இறக்கையோ கியர்பாக்ஸோ மாற்ற வேண்டி வந்தால் கால்களை ஊன்றி எழும்பும் பெரிய கப்பல் வரும். அது எந்தப் பக்கமிருந்து வரும், கால்களை எங்கே ஊன்றும் என்பது நிறுவனத்திடம் ஏற்கெனவே வரைந்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வரைபடத்தை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்குங்கள். பராமரிப்புப் படகுகளுக்கு ஒரு 200 மீட்டர் பாதை. இவையெல்லாம் போக அந்தச் சதுரத்தில் மிஞ்சுவது 1,040க்கு 1,340 மீட்டர், அதாவது சுமார் 139 ஹெக்டேர்.

அதிலும் நங்கூரங்கள் தின்னும் இடம் பலருக்கு முதலில் தெரிவதில்லை. 30 மீட்டர் ஆழத்தில், ஆழத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள நங்கூரக் கயிறு கிடைமட்டமாக ஏறக்குறைய 85 மீட்டர் தள்ளிப் போய்த் தரையைத் தொடும். பயிர் தொங்கும் தலைக்கயிறு 200 மீட்டர் என்றால் ஒரு வரிசைக்குத் தேவை 370 மீட்டர். நீரோட்டத்தில் வரிசை பக்கவாட்டில் வளையும் தூரத்தையும் சேர்த்துக்கொண்டுதான் வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெரிய ஓதத்திலேயே இரண்டு வரிசைகள் பின்னிக்கொள்ளும்.

நங்கூர வகையைப் பற்றி ஒரு வார்த்தை. தரையில் இழுபட்டு மண்ணுக்குள் புதையும் வகை மலிவு. ஆனால் எத்தனை மீட்டர் இழுபட்ட பிறகு பிடிக்கும் என்பது உறுதியில்லாததால் கேபிளுக்குப் பக்கத்தில் யாரும் அனுமதிக்க மாட்டார்கள். மணலிலும் களியிலும் திருகு நங்கூரம், இறுகிய தரையில் கான்கிரீட் எடைக்கட்டை, இவையே பெரும்பாலும் ஒத்துவரும். பொருத்தியதும் வடிவமைப்பு இழுவிசைக்கு மேல் ஏற்றிச் சோதித்து, அந்தப் பதிவைக் காப்பீட்டாளருக்குக் கொடுத்துவிடுங்கள்.

வட கடலிலும் பால்டிக் கடலிலும் இறங்குபவருக்கு இன்னொரு செலவு உண்டு: உலகப் போர்களின் வெடிக்காத குண்டுகள். காற்றாலை நிறுவனம் குண்டு ஆய்வு செய்துவிட்டது என்று சொல்வது உண்மைதான். அந்த ஆய்வு தூண் நிற்கும் இடங்களையும் கேபிள் தடத்தையும் மட்டும் சுற்றியது. நீங்கள் நங்கூரம் இறக்கப்போகும் நடுப்பகுதி பெரும்பாலும் அதில் இருக்காது. முதல் ஆய்வுக் கப்பல் ஓடும்போதே நடுப்பகுதிக்கும் சேர்த்து ஓட்டினால் சில நாள் கூடுதல் வாடகையோடு முடியும். பிறகு தனியாகச் செய்தால் சிறு பாசிப் பண்ணையின் முதலீட்டையே அது விழுங்கிவிடும்.

அலை

கரையோர வளர்ப்பு முறையை அப்படியே ஆழ்கடலுக்குக் கொண்டுபோனால் முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. குறிப்பிடத்தக்க அலை உயரம் (உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி) 7 மீட்டர் உள்ள புயலில் தனி அலை ஒன்று 13 மீட்டர் வரை எழும். மேற்பரப்பில் வரிசையாக மிதவைகளைக் கட்டி வைத்தால் ஒவ்வொரு அலையும் கயிற்றை வெட்டி இழுக்கும். அறுந்துபோவது கயிற்றின் நடுப்பகுதி அல்ல. ஷேக்கிள் என்ற இணைப்புக் கொக்கி, முடிச்சு, உரசும் வளையம் இவைதான் முதலில் போகும்.

வழி எளிது, தலைக்கயிற்றை அமிழ்த்திவிட வேண்டும். எவ்வளவு ஆழத்துக்கு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஆழமான நீரில் அலை நீளம் மீட்டரில் ஏறக்குறைய 1.56 பெருக்கல் அலைக்காலத்தின் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட வினாடிகளின்) வர்க்கம். 8 வினாடி அலைக்கு 100 மீட்டர் நீளம். மேற்பரப்பில் இருக்கும் நீர் அசைவில் 5 மீட்டர் ஆழத்தில் 73 விழுக்காடும், 10 மீட்டரில் 53 விழுக்காடும், 20 மீட்டரில் 28 விழுக்காடும் மிஞ்சும். 5 வினாடிச் சிற்றலை என்றால் 10 மீட்டரில் 20 விழுக்காடுதான். ஆகவே உள்ளூர்க் காற்று கிளப்பும் குறுகிய அலைக்கு 10 மீட்டர் நல்ல புகலிடம். தொலைதூரப் புயலிலிருந்து வரும் நீண்ட அலைக்கு அது பாதிப் புகலிடம். இருக்கும் ஆழம் 30 மீட்டர் மட்டுமே என்றால் நீண்ட அலை தரையையும் தொடும் என்பதால் இந்தச் சூத்திரம் சற்று நல்ல படத்தையே காட்டும். கடைசி வடிவமைப்பை இதை நம்பி முடிக்க வேண்டாம்.

நீரோட்ட விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். வினாடிக்கு அரை மீட்டர் ஒரு மீட்டரானால் இழுவை நான்கு மடங்கு. வரிசைகளை முதன்மை நீரோட்டத் திசைக்கு இணையாக வைப்பது அதனால்தான். ஓதத்தின் திசை நாள் முழுக்கச் சுழலும் இடங்களில் எந்தத் திசையும் முழுச் சரி இல்லை. அங்கே பக்கவாட்டு விசைக்கே நங்கூரத்தைக் கணக்கிடுங்கள். அறுவடைக்கு முந்தைய மாதத்தில், பயிர் முழு எடையில் இருக்கும்போது புயல் வந்தால் என்ன என்பதுதான் கணக்கு. வெறுங்கயிற்றுக்குக் கணக்குப் போட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ளும் வடிவமைப்புகள் ஏராளம்.

எதை வளர்ப்பது

ஆழ்கடலில் ஆள் போகும் நாட்கள் குறைவு. தினமும் தீவனம் கேட்கும் மீன் கூண்டைவிட, ஆண்டுக்குச் சில தடவை பார்த்தால் போதுமான மட்டியும் பாசியும் முதல் தேர்வாவது அதனால்தான். தீவனமிட்டு வளர்க்கும் மீன் நைட்ரஜனைக் கடலில் சேர்க்கும். மட்டி அதை எடுத்துக்கொடுக்கும். ஒரு டன் மட்டி அறுவடையோடு ஏறக்குறைய 10 கிலோ நைட்ரஜன் கடலைவிட்டு வெளியேறுகிறது. சத்து மிகுந்து கெட்டுப்போன கடல்களில் இதுவே ஒரு சேவை.

மட்டி வளர்ப்பில் அமிழ்த்திய வரிசையின் பெரிய தலைவலி மிதப்புச் சமநிலை. மட்டியின் எடை நீருக்குள் காற்றில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று. பத்து டன் மட்டி தொங்கினால் இரண்டு முதல் இரண்டரை டன் மிதப்பு கூடுதலாக வேண்டும். பயிர் வளர வளர அதற்கேற்ப மிதவை சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முன்கூட்டியே நிறையச் சேர்த்தால் வரிசை மேலே எழும்பி அலையில் அடிபட்டு, ஒட்டியிருக்கும் மட்டி உதிரும். சேர்க்கத் தாமதமானால் தொய்ந்து தரையைத் தொடும். அங்கே நட்சத்திர மீன்கள் காத்திருக்கின்றன. மூன்று வாரம் மோசமான வானிலை நீடித்து மிதவை சேர்க்கப் போக முடியாவிட்டால் ஒரு வரிசையே காலியாகலாம். சிலர் தரையில் படிந்து நிற்கும் சங்கிலிக் கால்களைத் தொங்கவிடுகிறார்கள். வரிசை எடைகூடி இறங்கும்போது சங்கிலியின் ஒரு பகுதி தரையில் படுத்துக்கொள்ளும், மிதப்பின் மேல் உள்ள சுமை குறையும், வரிசை அந்த உயரத்திலேயே நின்றுவிடும். மின்னணு எதுவும் இல்லாத நல்ல ஏற்பாடு.

கெல்ப் எனும் பெரிய பழுப்புப் பாசி வகைக்குக் காலண்டர் கறார். வட ஐரோப்பாவில் சுகர் கெல்ப் நாற்றை அக்டோபர், நவம்பரில் கயிற்றில் ஏற்றி, ஏப்ரல், மே மாதத்தில் வெட்டுகிறார்கள். மே கடந்தால் இலைமேல் வெள்ளைச் சல்லடை போல் பாசிவிலங்குகள் (கூட்டமாக ஒட்டி வாழும் மிகச் சிறிய விலங்குகள்) படரும். இலை நொறுங்கும், உணவுச் சந்தைக்கு ஆகாது. நல்ல இடத்தில் மீட்டருக்கு 10 கிலோ ஈரப் பாசி கிடைத்தால் ஒரு கிலோமீட்டர் கயிற்றுக்குப் பத்து டன். காய்ந்தபின் ஒன்று அல்லது ஒன்றரை டன்தான் மிஞ்சும். ஈரப் பாசி ஓரிரு நாளில் கெடத் தொடங்கும். ஆகவே துறைமுகத்தில் உலர்த்தியோ உறைகிடங்கோ தயாராக இல்லாமல் கடலில் கயிறு போடுவது வீண் வேலை. காற்றில் உள்ள கார்பனைக் குறைக்கிறோம் என்று சொல்லி விற்கவும் வேண்டாம். வெட்டி உண்ட பாசியின் கார்பன் திரும்பக் காற்றுக்கே போகிறது.

நெதர்லாந்தின் ஹொலாண்ட்ஸ குஸ்ட் ஸாய்ட் காற்றாலைப் பண்ணையில், 139 காற்றாலைகள் நிற்கும் பரப்பின் நடுவே 2024இல் ஒரு பாசிப் பண்ணை நிறுவப்பட்டது. பரப்பு 5 ஹெக்டேர். மேலே போட்ட 139 ஹெக்டேர் கணக்கோடு இதைப் பொருத்திப் பாருங்கள். துறை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது தெரியும்.

தட்டைச் சிப்பி வேறு கதை. வட கடலில் இழுவலையும் அதிகப்படி அறுவடையும் போனாமியா என்ற ஒட்டுண்ணி நோயும் சேர்ந்து அதன் படுகைகளை ஏறக்குறைய துடைத்துவிட்டன. இழுவலை போகாத காற்றாலைப் பண்ணை அதற்கு நல்ல அடைக்கலம். தூணைச் சுற்றி அரிப்பைத் தடுக்கக் கொட்டும் கற்களே சிப்பிக் குஞ்சு ஒட்டும் கடினத் தரையாகவும் ஆகின்றன. கவனிக்க வேண்டியது இரண்டு. தாய்ச் சிப்பிகள் நோயற்ற இருப்பிலிருந்து வர வேண்டும். ஒரு தடவை தவறினால் திரும்ப எடுக்க வழியில்லை. அடுத்தது மணல் நகர்வு. கற்கள் பருவத்துக்கு ஒருமுறை மணலில் புதையும் இடத்தில் சிப்பி மூச்சுத்திணறிச் சாகும். 2020 முதல் 2023 வரை நடந்த ஐரோப்பிய யுனைடெட் திட்டம், பெல்ஜியக் கரையிலிருந்து 40 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெல்விண்ட் பண்ணையில் சிப்பியையும் பாசியையும் சேர்த்தே சோதித்தது.

மட்டி வந்தால் மட்டி தின்னும் பறவையும் வரும். ஈடர் வாத்துகள் மூழ்கி மட்டியைக் கொத்தித் தின்பதில் பெயர்பெற்றவை. காற்றாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது இந்தப் பரப்பில் இத்தனை பறவைகள்தான் என்ற கணக்கில். உங்கள் பண்ணை அந்தக் கணக்கை மாற்றினால் அனுமதியே மறுபரிசீலனைக்குப் போகலாம். நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எழுப்பும் ஆட்சேபம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். பண்ணை உள்ள, இல்லாத பரப்பை ஒப்பிடும் பறவைக் கணக்கெடுப்பு முன்னோட்டத்திலேயே இருக்கட்டும்.

சூரிய மின்சாரம்: பகிர வேண்டியது கேபிள்

சேர்க்கைகளில் பொருளாதாரம் தெளிவாக இருப்பது இது. கடல் காற்றாலை ஆண்டுச் சராசரியாக அதன் திறனில் 40 முதல் 50 விழுக்காடு உற்பத்தி செய்கிறது. ஆக, கரைக்குப் போகும் கேபிளின் திறனில் சராசரியாகப் பாதி காலி. கோடையில் காற்று குறைந்த நண்பகலில் சூரியத் தகடு அந்த இடத்தை நிரப்பும். கேபிளுக்குப் புதிதாகச் செலவில்லை. இரண்டும் உச்சத்தில் ஓடும் சில மணி நேரங்களில் ஒன்றைக் குறைக்க வேண்டும். அந்த நேரம் எவ்வளவு என்பதை மாதச் சராசரிகளால் கணக்கிடாதீர்கள். பத்து ஆண்டு மணிவாரித் தரவை எடுத்து, ஒவ்வொரு மணிக்கும் காற்றையும் வெயிலையும் கூட்டி, கேபிள் வரம்பை மீறுவதைக் கழியுங்கள். சராசரிகள் உச்சங்களை மறைத்துவிடும்.

சிக்கல் இணைப்பு முனையில். தகடுகளின் மின்சாரத்தை 66 கிலோவோல்ட்டுக்கு ஏற்றும் மின்மாற்றி ஒரு மிதவை மேல் இருக்க வேண்டும்; அங்கிருந்து அலையோடு அசையும் கேபிள் இறங்கி, ஒரு காற்றாலைத் தூணிலோ துணைமின் நிலையத்திலோ நுழைய வேண்டும். நுழைய ஒரு உதிரிக் குழாயும், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்கியரில் ஒரு உதிரி இடமும் தேவை. கட்டும்போதே விட்டுவைத்தால் அது சிறு செலவு. கடலில் நின்றுகொண்டிருக்கும் துணைமின் நிலையத்தில் பிறகு சேர்ப்பதென்றால் மின்நிறுத்தம், வெல்டிங், புதுச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். திட்டம் அங்கேயே செத்துப்போகும்.

தகட்டுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. சுழலும் இறக்கையின் நிழல் தகடுகள் மேல் வெட்டி வெட்டி ஓடும். ஒரு தொடரில் ஒன்றிரண்டு தகடுகள் நிழலில் விழுந்தால் அந்தத் தொடர் முழுவதன் உற்பத்தியும் சரியும். மிதவைகளைச் சூரியன் இருக்கும் பக்கம் தூணிலிருந்து விலக்கி வையுங்கள்: வட அரைக்கோளத்தில் தூணுக்குத் தெற்கே. உப்புப் படிவை மழை கழுவிவிடும். பறவை எச்சத்தைக் கழுவாது. மிதவையின் அடியில் கொட்டலசும் மட்டியும் ஏறி எடை கூடும். வடிவமைப்பில் அதற்குத் தனி ஒதுக்கீடு இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டில் தளம் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும்.

மீன்பிடிப்பு

ஐக்கிய இராச்சியத்தில் இயங்கும் காற்றாலைப் பண்ணைக்குள் மீன்பிடிக்கப் பொதுவாகத் தடையில்லை. ஜெர்மனியும் பெல்ஜியமும் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கின்றன. நெதர்லாந்து 2018 முதல் மூன்று பண்ணைகளை 24 மீட்டருக்கு உட்பட்ட படகுகளுக்குப் பகல் நேரத்தில் திறந்தது. தரையைக் கீறும் வலைக்கு அனுமதியில்லை. அமெரிக்காவில் நியூ இங்கிலாந்துக் கடலில் குத்தகை எடுத்த ஐந்து நிறுவனங்கள் 2019 நவம்பரில் எல்லாத் தூண்களையும் ஒரு கடல் மைல் இடைவெளியில், கிழக்கு மேற்காக ஒரே சீரான கட்டத்தில் வைக்க முன்வந்தன. மீனவர் கேட்ட திசையை வரைபடம் போடும் கட்டத்திலேயே சேர்த்ததற்கு அது எடுத்துக்காட்டு. அகலம் போதாது என்று சொன்ன மீனவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நண்டு, லாப்ஸ்டர் கூடுகள் போன்ற நிலையான கருவிகள் இந்தப் பரப்புக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. அரிப்புத் தடுப்புக் கற்களில் நண்டும் மீனும் கூடுவதால் பிடிப்பும் நன்றாகவே இருக்கும். விதிகள் சில: கூடுகளின் வரிசையைக் கேபிளுக்கு இணையாகப் போடுங்கள், குறுக்கே வேண்டாம். முனை நங்கூரம் சிறியதாக, தரைக்குள் ஆழமாகப் போகாததாக இருக்கட்டும். மேலே மிதக்கும் கயிறு வேண்டாம், மூழ்கும் கயிறுதான். பராமரிப்புப் படகின் உந்துவிசிறியில் கயிறு சிக்கினால் அந்த நாளின் வேலை நிற்கும், பில் உங்களுக்கு வரும். மிதக்கும் காற்றாலை என்றால் சிக்கல் கூடும். நங்கூரச் சங்கிலிகள் அகலமாகப் பரவியிருக்கும், கேபிள் நடுநீரில் தொங்கும். ஸ்காட்லாந்தின் ஹைவிண்ட் பண்ணையில் 2022இல் கூடு, மீன்பொறி, தூண்டில் ஆகியவற்றை வைத்துச் சோதனை நடத்தினார்கள்.

இழுவலை பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். கேபிளை ஒரு மீட்டருக்கு மேல் புதைத்துவிட்டோம், வலையை விரித்துப் பிடிக்கும் பலகை அவ்வளவு ஆழம் போகாது என்று வாதிடுவார்கள். மணல் அலைகள் நகரும் தரையில் புதைத்த கேபிள் சில ஆண்டுகளில் வெளியே தெரியும். கடல் காற்றாலைக் காப்பீட்டுக் கோரிக்கைத் தொகையில் பெரும்பகுதி கேபிளால் வருவது. எந்த நிறுவனமும் இழுவலையை விரும்பி உள்ளே விடாது. மேலும், இடத்தை இழந்த இழுவலைக்காரரிடம் கூடு போடச் சொல்வது தீர்வாகாது. படகு வேறு, கருவி வேறு, உரிமம் வேறு. இடம் இழந்தவரும் கூட்டுப் பயன்பாட்டால் பயன்பெறுபவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். இழப்பீட்டுக் கணக்கைத் தனியாகவே வையுங்கள்.

சுற்றுலாவுக்கு ஒரே கேள்விதான்: கரை பக்கமா? கோபன்ஹேகன் அருகே 20 காற்றாலைகள் கொண்ட மிடெல்க்ருண்டன் நகரத்துக்குச் சில கிலோமீட்டரில் நிற்பதால் படகுச் சுற்றுலா ஓடுகிறது. 40 கிலோமீட்டருக்கு அப்பால் யாரும் குமட்டலோடு பார்க்க வரமாட்டார்கள்.

படகைப் பகிர்வது ஏன் நடப்பதில்லை

அறிக்கைகள் எல்லாவற்றிலும் முதல் வரியில் வரும் ஆதாயம் இது, கடலில் கடைசியாகக் கிடைப்பதும் இதுவே. ஆட்களை ஏற்றிப்போகும் படகு ஒன்றரை மீட்டர் அலை வரைதான் தூணோடு சேர்ந்து நிற்கும். மட்டி வரிசையைத் தூக்கவும் ஏறக்குறைய அதே கடல் வேண்டும். ஆக, நல்ல நாட்களில் இருவருக்கும் அதே படகு வேண்டும், கெட்ட நாட்களில் இருவருக்கும் வேண்டாம். அந்தப் படகின் தளத்தில் பத்துப் பதினைந்து டன் ஏற்றலாம். அறுவடைக்கோ கிரேன், வின்ச், கழுவும் இயந்திரம், ஐஸ் எல்லாம் வேண்டும். ஒரு நாள் பாசி அறுவடையே தளத்தை மூழ்கடிக்கும்.

தூரம் இன்னும் கொடுமை. யுனைடெட் திட்டத்தின் ஜெர்மன் சோதனை, சில்ட் தீவுக்கு மேற்கே 80 கிலோமீட்டரில் உள்ள ஃபினோ 3 ஆய்வு மேடைக்கருகே மட்டியையும் பாசியையும் வைத்தது. பத்து நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்தில் போக வரவே எட்டரை மணி நேரத்துக்கு மேல். 12 மணி நேர நல்ல வானிலை கிடைத்தால் வேலைக்கு மிஞ்சுவது மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இப்படிப்பட்ட இடத்துக்குத் தொலைக் கண்காணிப்பு இல்லாமல் போகவே கூடாது: இழுவிசை மானி, வெப்பம், உப்புத்தன்மை, பச்சையம் அளக்கும் கருவி, நீரடிக் கேமரா. இவற்றின் மின்சாரமும் தரவு இணைப்பும் காற்றாலையிலிருந்து வரலாம். பகிர்வில் கைமேல் பலன் தருவது இதுதான். பதிலுக்கு உங்கள் அலை, நீரோட்ட அளவீட்டை நிறுவனத்தின் வானிலைக் கணிப்புக்குக் கொடுங்கள். அவர்களுக்கும் அது தேவை.

எல்லாவற்றையும் ஒரே கட்டுமானமாகச் செய்வதும் உண்டு. சீனாவின் ஃபூஜியன் கடலில் 4 மெகாவாட் மிதக்கும் காற்றாலையின் மேடைக்குள்ளேயே மீன் கூண்டை வைத்த குவோனெங் கொங்ஷியாங் 2023இல் நிறுவப்பட்டது. வரைபடம் முதலிலேயே ஒன்று, திட்டத்தின் தலைமையும் ஒன்று. அந்த நிலையில் தூணைப் பகிரலாம். இரண்டு உரிமையாளர் என்றால் தள்ளியே நில்லுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 60ஆம் பிரிவு, தனிப்பொருளாதார மண்டலத்தில் கட்டுமானங்களைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் அமைக்கக் கடலோர நாட்டுக்கு உரிமை தருகிறது. வளையத்துக்குள் யார் வரலாம் என்பதை அந்த நாட்டு விதி முடிவு செய்யும். ஆகவே முதல் கடிதம் காற்றாலை நிறுவனத்துக்கு அல்ல, கடற்பரப்புத் திட்டமிடும் அரசுத் துறைக்கு. கூட்டுப் பயன்பாட்டை ஏலத்தின் மதிப்பெண்ணிலேயே சேர்த்தால் நிறுவனம் உங்களைத் தேடி வரும்; சேர்க்காவிட்டால் நீங்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதற்கடுத்து முன்னோட்டம். ஓராண்டு முழு அலை, நீரோட்ட, வெப்ப, பச்சையத் தரவு. பிறகு பயிர் ஏற்றாத ஒரு வரிசை ஒரு முழுக் குளிர்காலம். அதற்கடுத்த பருவத்தில் பயிரோடு இரண்டு வரிசை. வெறும் வரிசையை இறக்கும் ஆண்டை மிச்சப்படுத்தப் பார்ப்பார்கள். வன்பொருள் பிழையா, உயிரியல் பிழையா என்று பிறகு பிரித்தறிய முடியாமல் போவது அங்கேதான்.

பொறுப்பு விதியில் இரண்டு வழி. அவரவர் சேதத்தை அவரவரே ஏற்பது ஒன்று. கடல் எண்ணெய், எரிவாயுத் துறையில் பழகிப்போன முறை, சிறிய பங்காளிக்குப் பெரிய காவல். தவறு செய்தவர் கொடுப்பது இன்னொன்று. அதில் கையெழுத்திடும் முன் உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காற்றாலை வரிசை ஒன்று சில வாரம் நின்றால் வரும் வருமான இழப்பை எந்தப் பாசிப் பண்ணையாலும் தாங்க முடியாது.

அறுந்து மிதக்கும் வரிசைதான் எல்லோரும் பயப்படுவது. ஒவ்வொரு முனை மிதவையிலும் இருப்பிடம் காட்டும் கருவி வையுங்கள். அது குறித்த வட்டத்தைத் தாண்டினால் எச்சரிக்கை உங்கள் கைபேசிக்கும் காற்றாலையின் கடல் ஒருங்கிணைப்பு மையத்துக்கும் ஒரே நேரத்தில் போகட்டும். ஒரு முனை அறுந்தாலும் மறுமுனையில் தொங்கிக்கொண்டிருக்கும்படி நங்கூரப் பிணைப்பை இரட்டிப்பாக்குங்கள். எத்தனை மணி நேரத்துக்குள், எந்தப் படகு, யார் செலவில் வந்து எடுக்கும் என்பதை ஒப்பந்த இணைப்பில் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். பணியாளர்களுக்குக் காற்றாலைத் துறையின் கடல் உயிர்காப்புப் பயிற்சிச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதற்கான நாட்களையும் கட்டணத்தையும் முதலீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அகற்றும் வைப்புத்தொகை. வளர்ப்பு நிறுவனம் நொடித்தால் கயிறும் நங்கூரமும் கடலில் கிடக்கும், எடுக்க வேண்டியது காற்றாலை நிறுவனமோ அரசோ. கப்பல் வாடகை உட்பட அகற்றும் செலவு முழுவதையும் முன்பணமாகக் கேட்பார்கள். வரிசை எண்ணிக்கைக்கு ஏற்பப் படிப்படியாகக் கட்ட அனுமதி கேளுங்கள். சிப்பிப் படுகை என்றால் எதிர்த்திசைக் கேள்வி வரும்: 30 ஆண்டு முடிந்து தூணை அகற்றும்போது, சிப்பி குடியேறிய கற்களையும் வாரிப் போக வேண்டுமா? அகற்றும் கடமைக்கு விலக்கு உண்டா இல்லையா என்பதை முதல் சிப்பியை இறக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.